நாற்பத்தேழாம் பை

ஜனவரி 9, திங்கள்

இந்தக் குறிப்புப் புத்தகம் பண்ணையில் கொடுத்தது. எந்தச் செடி என்றைக்குப் பூத்தது, எந்தக் கதிருக்கு என்றைக்குப் பை மாட்டினோம் என்று எழுதுவதற்காக வருஷா வருஷம் கொடுப்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். இந்தத் தடவை இரண்டு வந்தது. ஒன்று செடிக்கு. இது எனக்கு.

பண்ணையில் இரும்புச்சத்து கூடுதலாக இருக்கிற கம்பை உண்டாக்கப் பார்க்கிறார்கள். ஊரில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் இல்லை, மாத்திரை கொடுத்தாலும் போடுவதில்லை, தின்கிற கூழிலேயே இரும்பு இருந்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். ஒரு கதிரின் பூந்தூளை இன்னொரு கதிரில் தட்டுவோம். பை போட்டு மூடுவோம். விளைந்த மணியை விதைத்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடியும் தட்டுவோம். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. தலைவர் பூவராகன். எல்லாரும் டாக்டர் என்பார்கள். நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை, கம்பு டாக்டர்.

இன்று அறுபது செடியின் கதிர்களைத் தனித்தனிப் பையில் போட்டு அடித்து மணி எடுத்தோம். சென்னைக்கு அனுப்பி எந்திரத்தில் இரும்பை அளப்பார்களாம்.

“வளையல், ஊக்கு, இடுப்புச் சாவி, எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வாங்க. மண்ணு படக் கூடாது. இரும்பு பட்டா எந்திரம் பொய் சொல்லிடும்” என்றார் டாக்டர்.

“தாலியில தொங்கற ஊக்கக் கழட்டுறேன் சார். தாலியக் கழட்டச் சொல்லிடாதீங்க, எங்கூட்டுக்காரரு சந்தோசத்துல இன்னும் ரெண்டு குடிச்சிடுவாரு” என்றாள் பச்சையம்மா. எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற இடத்தில் நான் சிரிப்பதில்லை.

அறுபது பையையும் துணியில் விரித்து மரக்கட்டையால் அடித்தோம். முடிய ஐந்து மணி ஆயிற்று.

பிப்ரவரி 20, திங்கள்

அளந்த எண் வந்தது. மற்றதெல்லாம் நாற்பது, ஐம்பது, ஒன்றிரண்டு அறுபது. நாற்பத்தேழாம் பைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

நாற்பத்தேழு ஒரு உதவாத செடி. கதிர் எருமை வால் மாதிரி நீண்டு, நுனியில் மணி பிடிக்காமல் நிற்கும். டாக்டர் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்கே ஓடி வந்தார். “அஞ்சலாட்சி! இதப் போயி களைன்னு புடுங்கப் பாத்தியே!” என்று என் தோளைத் தட்டினார். எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். என் பங்கைப் பண்ணை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டேன்.

பிப்ரவரி 27, திங்கள்

சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அனுப்பிப் பார்த்தார்களாம். நூற்று ஒன்பது. மிச்சமிருந்த அதே பையிலிருந்து எடுத்து அனுப்பினால் அதேதான் வரும்.

மார்ச் 6, திங்கள்

நாற்பத்தேழை அரை ஏக்கரில் விதைத்தோம். கிணற்றுத் தண்ணீர். இடுப்பு விட்டுப் போயிற்று.

பண்ணையின் பழைய ஜீப்பை இன்று காயலான் கடைக்காரன் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனான். சக்கரம் நான்கும் இல்லை. அது போகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

இரண்டாயிரமாவது வருஷம், ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை. என் மகள் ரேணுகாவுக்கு வீட்டில் பிரசவம். காலை பத்து மணிக்குக் குழந்தை வெளியே வந்தது. ரத்தம் நிற்கவில்லை. முதலிலேயே வெளுத்துப் போன உடம்பு. நான் பண்ணைக்கு ஓடினேன். ஜீப் புங்க மரத்தடியில் நின்றது. பக்கத்தில் பூவராகன். அப்போது சின்ன டாக்டர். நீலக் கோடு போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை. “விருந்தாளிங்க ரயில்ல வராங்க, வண்டி ஸ்டேஷனுக்குப் போவணும். மாட்டு வண்டி எதனா பாரு” என்றார். நான் காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டார். மாட்டு வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் ரேணுகாவின் கை ஜில்லென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ரத்தசோகை’ என்று எழுதியிருந்தது. நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த பெரிய வார்த்தை அது.

இப்போது அதே மனுஷர் ரத்தசோகைக்குக் கம்பு கண்டுபிடிக்கிறார்.

மே 29, திங்கள்

கோகிலா வந்திருக்கிறாள். ரேணுகா விட்டுப் போன குழந்தை. இருபத்திரண்டு வயது, நான் வளர்த்தவள். இப்போது வயிற்றில் இரண்டரை மாதம். புருஷன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாமியார் வீடு செஞ்சிப் பக்கம். வாந்தி நிற்கிற வரைக்கும் ஆயா வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பினார்கள்.

நர்சம்மா எஸ்தர் வந்து விரலில் குத்திப் பார்த்தாள். ரத்தம் எட்டு புள்ளி நாலு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம்.

“தெனம் ஒரு மாத்திர. டீ குடிச்ச ஒடனே போடாத. இன்னா கோகிலா, தலையாட்டுற, போடுவியா?”

“போடுறேன் நர்சம்மா. போட்டா கொமட்டுது.”

“கொமட்டுனாலும் போடு.”

அவள் கண்ணின் கீழ் இமையை நர்சம்மா இழுத்துப் பார்த்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வெளுப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12, திங்கள்

அரை ஏக்கர் நாற்பத்தேழையும் அறுத்து, அரைத்து, மாவாக்கியாயிற்று. ஊரிலிருந்து நாற்பது பெண்களைப் பொறுக்கி மூன்று மாதம் அந்த மாவு கொடுத்து, ரத்தம் ஏறுகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை மாவு. அளந்து போடுகிற வேலை எனக்கு.

கூட்டத்தில் டாக்டர் பேசினார். “ஒரு வேள கூழு ஒரு மாத்திரைக்குச் சமம்” என்றார். அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். நாற்பது பேரில் கோகிலாவும் ஒருத்தி. நான் அவளைச் சேர்க்கச் சொல்லவில்லை. அவளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

“ஆயா, ஒங்கையால தூளு தட்டுன கம்பு. எனக்கு இல்லாம யாருக்கு?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாள். மாத்திரையும் போடுகிறாள்தானே, கூழ் குடித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன். முருங்கைக்கீரை பறித்து வைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

நர்சம்மா பார்த்தாள். ஏழு புள்ளி ஒன்பது. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. “வாந்தியில எல்லாம் போயிடுது போல” என்றாள். கோகிலா மூன்று வேளையும் அந்தக் கூழ்தான் குடிக்கிறாள். மோர் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு, ஆசையாகக் குடிக்கிறாள்.

நாற்பத்தேழை மறுபடியும் விதைத்துவிட்டார்கள், இந்தத் தடவை இரண்டு ஏக்கர். ஆகஸ்டில் வயல் விழா. மேலதிகாரிகள் வருகிறார்கள்.

ஜூலை 19, புதன்

கறிவேப்பிலை மரத்துக்குச் சாணி கொத்திப் போடப் போனேன். தூரில் மண் சிவப்பாக இருந்தது. கிளறினேன். மாத்திரை. பாதி கரைந்தது, கரையாதது, முப்பது நாற்பது இருக்கும்.

“இன்னாடி இது?”

அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கொமட்டுது ஆயா. அதான் கூழு குடிக்கறேனே, மூணு வேள. டாக்டரு கணக்குப்படி பாத்தா நான் ஒரு நாளைக்கு மூணு மாத்திர முழுங்கறேன்.”

“எத்தினி நாளா?”

“மாவு கொடுத்த நாள்லேருந்து. மரத்தப் பாரு, எப்பிடித் துளுத்துக்கினு இருக்குது!”

மரம் துளிர்த்துத்தான் இருந்தது.

ஜூலை 20, வியாழன்

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சட்டி அங்கேயேதான் இருந்தது.

ஜூலை 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் மற்றவர்கள் சோற்றுக்குப் போன நேரத்தில் நாற்பத்தேழாம் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். சிமெண்ட் குழைத்த பழைய இரும்புச் சட்டி ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடக்கும். கதிரை அதில் கொட்டிக் களைக்கொத்தின் பின்புறத்தால் அடித்தேன். துருத் தூள் மணியோடு சேருகிற வரைக்கும் அடித்தேன். புடைத்து, பார்வைக்கு ஒன்றும் தெரியாதபடி பையில் போட்டேன். உதவாத செடியாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அதற்குப் பெரிய எண் வரட்டும், அவர் குதிக்கட்டும், ஊரைக் கூட்டட்டும். அப்புறம் யாராவது பெரிய ஆட்கள் அளந்து பார்த்து இது பொய் என்று சொல்லி, விருந்தாளிகள் முன்னால் அவர் முகம் செத்துப் போக வேண்டும். இவ்வளவுதான் நான் நினைத்தது. அந்த மாதிரி விருந்தாளிகளுக்காகத்தானே அன்றைக்கு ஜீப் போயிற்று.

மாவாக அரைத்து ஊருக்குக் கொடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. கோகிலாவை நினைக்கவே இல்லை. அப்போது அவள் உண்டாகியிருக்கவும் இல்லை.

ஜூலை 24, திங்கள்

டாக்டர் அறைக்குப் போனேன்.

“சார், நாப்பத்தேழாவது பைய நான் இரும்புல அடிச்சேன்.”

அவர் நிமிரவில்லை. “எந்தப் பை?”

“நூத்திப் பன்னெண்டு வந்துச்சே, அது. துருப்புடிச்ச சட்டியில போட்டுக் களக்கொத்தால அடிச்சேன். அந்தக் கம்புல ஒன்னும் இல்ல சார். மாவ நிறுத்துங்க.”

“கதவச் சாத்து” என்றார்.

கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. மேஜை மேல் ஒரு கடிதம் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும். முப்பது வருஷம் வயலில் செடிகளின் எண் அட்டை படித்தவளுக்குத் தலைகீழாக இருந்தாலும் எண் படிக்க வரும். நாற்பத்தேழுக்கு நேராக நாற்பத்து நாலு. மேலே தேதி ஜூன் 28. மே மாதம் அறுத்த மணியை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

அவர் என் கண் போன இடத்தைப் பார்த்தார். கடிதத்தைத் திருப்பி வைத்தார்.

“வயல் விழா முடியட்டும். மேலேருந்து வராங்க. அதுக்கப்புறம் எதனா ஒரு காரணம் சொல்லி நிறுத்திக்கலாம். நல்ல கம்புதானே, தின்னா ஒன்னும் ஆவாது.”

“எம் பேத்தி மாத்திரய நிறுத்திட்டா சார்.”

“போடச் சொல்லு.”

“ஒரு வேள கூழு ஒரு மாத்திரன்னு நீங்கதான சொன்னீங்க.”

பேனாவை மூடி வைத்தார். பிறகு, “நீ ஏன் அப்பிடிப் பண்ண? நான் ஒனக்கு இன்னா கெடுதல் செஞ்சேன்?” என்றார். நிஜமாகவே கேட்டார்.

“ஜீப்பு” என்றேன்.

“எந்த ஜீப்பு?”

ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை, நீலக் கோடு சட்டை என்று சொன்னேன். புங்க மரம் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். நடிக்கவில்லை. அவருக்கு அது இல்லவே இல்லை. இருபத்து மூன்று வருஷமாக நான் ஒரு ஆளை வயிற்றில் வைத்துச் சபித்துக்கொண்டிருக்கிறேன், அந்த ஆள் அன்று மத்தியானம் தின்ற சோற்றோடு அதைச் செரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, புதன்

கோகிலாவிடம் சொல்லவில்லை. மாத்திரையைப் பொடி செய்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தேன். வாயில் போட்டவுடன் துப்பினாள்.

“ஆட்டுக்கு மருந்து வைக்கறாப்பல வைக்கிறியே, வெக்கமா இல்ல?”

“அந்த மாவுல ஒன்னும் இல்லடி.”

“டாக்டர விட ஒனக்குத் தெரியுமா? ஒனக்கு அவரக் கண்டா ஆவாது. அது எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். ஏன் ஆவாதுன்னு மட்டும் சொல்ல மாட்ட.”

எப்படிச் சொல்வது? அவள் அம்மா காய்ச்சலில் செத்தாள் என்று சொல்லித்தான் வளர்த்தேன். தான் பிறந்ததால் அம்மா போனாள் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. சட்டியைச் சொன்னால் ஜீப்பைச் சொல்ல வேண்டும். ஜீப்பைச் சொன்னால் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஏழு புள்ளி ஒன்று. இவள் மாத்திரை போடுவதில்லை என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன். நர்சம்மா திட்டினாள். கோகிலா டாக்டர் பேசியதை அப்படியே ஒப்பித்தாள். நர்சம்மாவும் குழம்பிவிட்டாள். “அவரு படிச்சவரு, நான் இன்னா சொல்றது? இருந்தாலும் ரெண்டையும் எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்றும் நாற்பது பேருக்கும் நான்தான் மாவு அளந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 19, சனி

குடத்தைத் தூக்கப் போய்க் கோகிலா குழாயடியில் விழுந்துவிட்டாள். நல்ல வேளை, பக்கவாட்டில் விழுந்தாள். நர்சம்மா ஓடி வந்தாள். ஆறு புள்ளி ஆறு. “இனிமே கூழாவது மாத்திரையாவது. ரத்தம் ஏத்தணும். புதன்கெழம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வா” என்றாள். அவள் போனதும் கோகிலா எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்பு கூழ் கேட்டாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மாவு நாள். வெள்ளிக்கிழமை வயல் விழா என்பதால் பண்ணையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேரும் பையோடு வந்திருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கோகிலாவும் வந்து நின்றாள். வராதே என்றால் கேட்கிறவள் இல்லை.

நான் மாவு அளக்கிற படியைக் கீழே வைத்தேன்.

“இந்த மாவு வேணாம். இதுல ரத்தம் ஊறாது. பைய இரும்புச் சட்டியில அடிச்சி எந்திரத்த நான்தான் ஏமாத்துனேன். டாக்டருக்கும் தெரியும். எல்லாரும் மாத்திரயப் போடுங்க.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, “அடிப்பாவி, நான் எம் புள்ளைக்கும் கரைச்சிக் குடுத்தேனே” என்று கத்தினாள். “வெசமெல்லாம் இல்ல, வெறும் கம்புதான்” என்றேன். “வெறும் கம்பு எங்கூட்டுலயே கெடக்குதே, அதுக்கா ரெண்டு மாசமா வெயில்ல நிக்க வச்ச?” என்றாள் இன்னொருத்தி. பச்சையம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “வெயில்ல இன்னாமோ ஆயிடுச்சு இதுக்கு. வா அஞ்சல, தண்ணி குடி” என்று எனக்காகச் சமாளித்தாள். முப்பது வருஷம் கூட வேலை செய்தவள்.

டாக்டர் வந்தார். மூச்சு வாங்கியது. ஆனாலும் குரல் தணிவாகத்தான் இருந்தது.

“வயசாயிடுச்சு பாவம். பண்ணை மேல இதுக்குப் பழைய கோவம் ஒன்னு இருக்குது. எந்திரத்த இதுவா ஏமாத்தும்? நீங்களே சொல்லுங்க. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளையால அது ஆவுமா?”

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

பச்சையம்மாவிடம் படியைக் கொடுத்தார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் அளந்தாள். கோகிலா போக மிச்சம் முப்பத்தொன்பது பேரில் பதின்மூன்று பேர் வெறும் பையோடு போனார்கள். இருபத்தாறு பேர் வாங்கிக்கொண்டார்கள். எண்ணினேன்.

கோகிலா வாங்கவில்லை. அவள் மட்டும்தான் என்னை முழுசாக நம்பினாள். நான் எதைச் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ராத்திரி முழுக்கக் கோகிலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலையில் கேட்டாள்.

“தவறிப்போயி அடிச்சியா, தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், பாலம், ஆஸ்பத்திரிச் சீட்டு. காய்ச்சல் இல்லை என்றும் சொன்னேன். கேட்டு முடிக்கிற வரைக்கும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். மடியில் போட்டுக்கொள்ளக் கையையும் நீட்டினேன்.

“ஜூலை மாசமே டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“அவருகிட்ட சொன்ன. எங்கிட்ட சொல்லல. நான் ஒங்கண்ணு முன்னால குந்திக்கினு மூணு வேளயும் குடிச்சேன். நீதான் ஊத்திக் குடுத்த.”

“ஒங்கம்மாவ நெனச்சுத்தான்டி...”

“எங்கம்மாவ இதுல இழுக்காத. அவருக்கு வண்டி பெருசா இருந்துச்சு. ஒனக்கு ஒங்கோவம் பெருசா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல ரத்தம் இல்லாம கெடந்தது நாங்கதான்.”

மாமியார் வீட்டுக்குப் போன் செய்தாள். சாயங்காலம் கார் வந்தது. துணிப்பையை நான் தூக்கினேன். வாங்கிக்கொண்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வரக் கூடாதாம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வயல் விழா ஒலிபெருக்கி வீடு வரைக்கும் கேட்டது. நாற்பத்தேழுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கைதட்டினார்கள்.

அக்டோபர் 6, வெள்ளி

நர்சம்மாவைச் சந்தையில் பார்த்தேன். கோகிலாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். இப்போது மாத்திரையைக் கணக்காகப் போடுகிறாளாம். ஒன்பது புள்ளி ஐந்து.

மாவு வாங்கின இருபத்தாறு பேரில் யாருக்கும் ஏறவில்லை. எதனால் என்று ஆராயக் குழு போட்டிருக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் பூவராகன்.

நான் இப்போது கடலைக் காட்டில் கூலிக்குப் போகிறேன். அங்கே யாரும் செடிக்கு எண் போடுவதில்லை.

டிசம்பர் 18, திங்கள்

நர்சம்மா போன் செய்தாள். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தாய்க்குப் பத்து புள்ளி நாலு. ரத்தம் அதிகம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காரில்தான் போனாளாம்.

போனை வைத்த பிறகும் அப்படியே நின்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

டிசம்பர் 27, புதன்

பஸ் பிடித்துச் செஞ்சிக்குப் போனேன். மாமியார் வாசலில் நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். “தூங்குறா” என்றார்கள். உள்ளே குழந்தை அழுதது. கோகிலா அதைச் சமாதானப்படுத்துகிற சத்தமும் கேட்டது. நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்ன அதே சத்தம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் நர்சம்மா வீட்டுக்குப் போனேன்.

“கொழந்த யார மாதிரி இருக்குது?”

“மூக்கு ஒன்ன மாதிரிதான்.”

“பேரு வச்சிட்டாங்களா?”

“வச்சிட்டாங்க.”

“இன்னா பேரு?”

நர்சம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். “ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா ஆயா.”

எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. நான் வளர்த்த பெண்.